பேரீச்சம்பழத்துக்குப் போகாத இரும்பு

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தள்ளுவண்டிக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போன காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டை வாளி, கைப்பிடி போன வாணலி, காது உடைந்த இரும்புச்சட்டி எல்லாம் அன்றைக்கே வண்டி ஏறிவிடும். குழந்தைகள் கையில் பிசுபிசுவென்று நாலு பழம்! வீட்டுச் சாமான்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். குப்குப்பென்று புகை கக்கிக்கொண்டு நம் தாத்தா பாட்டிகளை ஊருக்கு அழைத்துப்போன ரயில் எஞ்சின்களுக்கும் கடைசியில் இதேதான். பேரீச்சம்பழம்தான் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்!

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்கிறீர்களா? ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் பத்து வயசுப் பையன் செல்போன்ல ஒரு படம் பார்த்தான். நடுக்காட்டுல, மரங்களுக்கு நடுவுல, பெரிய நீராவி எஞ்சின் ஒண்ணு துருப்பிடிச்சு நிக்குது. 'நிஜமாம்மா?'ன்னு துளைச்செடுக்கறான். அவன் அப்பா, 'எல்லாம் கட்டுக்கதை. இந்தக் காலத்துல எந்தப் படத்தை வேணும்னாலும் உண்டாக்கலாம்'னுட்டார். மாமியாரோ, 'ஏன் இருக்கக் கூடாது? எங்கேயாவது இருக்கும்'ங்கறாங்க. யார் சொல்றது சரி?"

சகோதரி, இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது! ரயில் ஓடிய தேசத்திலெல்லாம் இப்படி ஒரு பேச்சு உண்டு. 'மலைக்கு அந்தப் பக்கம் ஒரு எஞ்சின் கிடக்கு', 'சுரங்கத்துக்குள்ளே நிறைய ஒளிச்சு வெச்சிருக்காங்க' என்று சொல்வார்கள். சில சுத்தப் புளுகு. சில நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் பாட்டிமார்கள் ஒரு பழமொழியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் புளுகு.

இங்கிலாந்தில் 1948-ல் ரயில்வேயை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஏறக்குறைய 20,000 நீராவி எஞ்சின்கள் இருந்தன. 1968 ஆகஸ்டு 11-ந் தேதி கடைசி வழியனுப்பு ரயிலை விட்டார்கள். அதற்கு டிக்கெட் 15 கினி. அந்த நாளில் அது சாமானியத் தொகை இல்லை. அதோடு அங்கே பெரிய ரயில் பாதைகளில் நீராவி யுகம் முடிந்தது. இருபது வருஷத்துக்குள் இருபதாயிரம் எஞ்சினும் மாயம்! ஜனங்களுக்கு மனசு ஆறுமா? அதிலும் 'ஈவ்னிங் ஸ்டார்' என்று ஒரு எஞ்சின். அங்கே அரசாங்க ரயில்வே கடைசியாகச் செய்த நீராவி எஞ்சின் அதுதான். 1960-ல் வெளியே வந்தது; 1965-ல் 'போதும், ஓய்வெடு' என்று நிறுத்திவிட்டார்கள். ஐந்தே வருஷம்! நாம் வாங்கின கிரைண்டரை ஐந்து வருஷத்தில் மூலையில் போடச் சொன்னால் சும்மா இருப்போமா?

அந்த மனத்தாங்கலில்தான் ஒரு வதந்தி பிறந்தது. 'நல்ல எஞ்சின்களை அரசாங்கம் ரகசியமாக ஒளித்து வைத்திருக்கிறது. யுத்தம் வந்து டீசல் கிடைக்காமல் போனால் வெளியே எடுப்பார்கள்' என்றார்கள். எங்கே என்றால், 'பாக்ஸ்' என்ற ஊரின் ரயில் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் என்றார்கள். 1841-ல் திறந்த பழைய சுரங்கப்பாதை அது. கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம்.

வேடிக்கை என்னவென்றால், நெருப்பில்லாமல் புகையவில்லை. அந்தச் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் கட்டடக் கல் வெட்டியெடுத்த பெரிய குடைவுகள் நிஜமாகவே உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே வெடிமருந்துக் கிடங்கு இருந்தது. அதற்குள் போக ரயில் பாதையும் இருந்தது. பிற்பாடு, அணுகுண்டு விழுந்தால் மந்திரிகளும் அதிகாரிகளும் பதுங்க 4,000 பேருக்கு இடம் கொடுக்கும் ரகசிய நிலவறை ஊரே அங்கே கட்டியிருந்தார்கள். 2004-ல் அந்த ரகசியம் வெளியே வந்தது. டெலிபோன் நிலையம், சமையற்கட்டு, படுக்கை, நாற்காலி எல்லாம் இருந்தன. எஞ்சின்? ஒன்றுகூட இல்லை!

ஆனால் இப்படி ஒளித்து வைப்பது நடக்கவே நடக்காத காரியமா என்றால், அதுவும் இல்லை. சுவீடன் நாட்டில் இதே யோசனையை நிஜமாகவே செய்தார்கள். யுத்தம் வந்தால் மின்சாரக் கம்பியை அறுத்துவிடலாம், எண்ணெய்க் கப்பலைத் தடுத்துவிடலாம். விறகையும் கரியையும் யார் தடுப்பது? அதனால் குளிர்யுத்த வருஷங்களில் பழைய நீராவி எஞ்சின்களுக்கு எண்ணெய் பூசி, நாடு பூராவும் ஒதுக்குப்புறக் கொட்டகைகளில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 1990 வாக்கில்தான், 'இனி வேண்டாம்' என்று விட்டார்கள். ஆக, வதந்தி கிளப்பியவர்கள் முழு முட்டாள்கள் இல்லை. தேசம்தான் மாறிப் போச்சு!

சரி, பழமொழிக்கு வருகிறேன். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.' அவ்வளவுதான் சூத்திரம்!

இரும்புக்கு எப்போதும் விலை உண்டு. ரோடோ ரயிலோ எட்டுகிற இடத்தில் அம்பது, அறுபது டன் இரும்பை யாரும் சும்மா விட்டு வைக்க மாட்டார்கள். அதைத் தூக்கி வரும் கூலி இரும்பின் விலையைத் தாண்டுகிற இடத்தில்தான் எஞ்சின் தப்பிக்கும். யாராவது 'அங்கே ஒரு எஞ்சின் இருக்கு' என்றால், 'அதை ஏன் இத்தனை நாள் யாரும் எடுத்துப் போகலை?' என்று கேளுங்கள். நியாயமான பதில் வந்தால் மேலே கேட்கலாம். பதிலே இல்லையென்றால் காதை மூடிக்கொள்ளலாம். பாக்ஸ் சுரங்கம் பெரிய ரயில் பாதை மேலேயே இருக்கிறது. அங்கேயிருந்து எடுத்து விற்க என்ன கஷ்டம்?

இந்த உரைகல்லில் தேறுகிற இடங்கள் இரண்டு சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலம். அங்கே அலகாஷ் என்ற காட்டுப் பகுதி. ஏரியும் மரமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம். காகிதம் செய்ய மரம் இழுப்பதற்காக 1927-ல் ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். வெளியுலக ரயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. 1933-ல் வேலை முடிந்தது. இரண்டு எஞ்சின்களையும் கொட்டகையில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். சுண்டைக்காய்க் கணக்கு! 1969-ல் கொட்டகையும் எரிந்துபோனது. எஞ்சின்கள் இரண்டும் இன்றைக்கும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. படகிலும் கால்நடையாகவும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாசகியின் பையன் பார்த்தது இந்தப் படமாகவே இருக்கலாம்.

இன்னொன்று அலாஸ்கா. துருவத்துக்குப் பக்கம், ஒரு மரம்கூட முளைக்காத சதுப்பு வெளி. தங்க வேட்டைக் காலத்தில், 1903-ல், நோம் ஊருக்குக் கிழக்கே ஒரு ரயில் பாதை ஆரம்பித்தார்கள். அதற்கு மூன்று எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. எங்கே ஓடினவை தெரியுமா? நியூயார்க் நகரத்தில், தெருவுக்கு மேலே தூண் நட்டுப் போட்ட பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தவை! அங்கே மின்சார ரயில் வந்ததும் விற்றுவிட்டார்கள். தங்கக் கனவு சில வருஷத்தில் கலைந்தது. 1913-ல் ஒரு கடல் புயல் தண்டவாளத்தை அரித்துப் போட்டது. எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே சேற்றில் புதைய ஆரம்பித்தன. இப்போதும் அங்கேதான். 'எங்கேயும் போகாத கடைசி ரயில்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

தூரம் காப்பாற்றுவது ஒரு வகை. உபயோகம் காப்பாற்றுவது இன்னொரு வகை. இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் சர்க்கரை ஆலைகளில் நூறு வயசு எஞ்சின்கள் அண்மைக் காலம் வரை கரும்பு இழுத்துக்கொண்டிருந்தன. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பிழிந்த கரும்புச் சக்கைதான் அதற்குத் தீனி! ஆலையில் சக்கை மலையாகக் கிடக்கிறது. காசு கொடுத்து டீசல் வாங்குவானேன்? சிக்கனம் தெரிந்த எந்தக் குடும்பத் தலைவியும் அந்த ஆலைக்காரர்களுக்குக் கை கொடுப்பாள்.

மூன்றாவது வகை நமக்கு ரொம்பப் பரிச்சயம்: 'அப்புறம் பார்த்துக்கலாம்!' பரணில் கிடக்கும் பாதிச் சாமான் அந்தப் புண்ணியத்தில் பிழைத்ததுதானே? வேல்ஸ் நாட்டில் பேரி என்ற கடலோர ஊரில் டாய் வுட்ஹாம் என்று ஒரு பழைய இரும்பு வியாபாரி. உடைப்பதற்காக 297 நீராவி எஞ்சின்களை வாங்கினார். கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை உடைப்பது சுலபம் என்று அதை முதலில் எடுத்துக்கொண்டார். எஞ்சின்கள் 'அப்புறம்' என்று வரிசையில் நின்றன, உப்புக்காற்றில் துருவேறிக்கொண்டே. அதற்குள் ரயில் பித்தர்கள் கூட்டமாக வந்து, உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து, ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தார்கள். 1968-ல் முதல் எஞ்சின் வெளியே போச்சு, 1990-ல் கடைசி. மொத்தம் 213 எஞ்சின்கள் பிழைத்தன!

நம் நாட்டிலேயே இப்படி ஒன்று உண்டு. பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் விட்டார்கள். வண்டியின் பாரம் ஒரே தண்டவாளத்தில். சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருளும். 1927-ல் அதை நிறுத்தினார்கள். எஞ்சின்கள் பொதுப்பணித் துறைக் கொட்டகையில் ஒதுங்கிக் கிடந்தன. 1960-களில் மைக் ஸேட்டோ என்ற ரயில் ஆர்வலர் கண்ணில் பட்டது. அமிர்தசரஸ் பணிமனையில் பழுது பார்த்து, இன்றைக்கு டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தேடிப் போகிறவர் ஒருவர் இல்லாவிட்டால் அதுவும் பேரீச்சம்பழம்தான்.

ஆகவே, அந்த வாசகி பையனிடம் இப்படிச் சொல்லலாம்: "அப்பா சந்தேகப்பட்டது சரி. பாட்டி சொன்னதும் சரி. எந்த ஊர், எந்த வருஷம், ஏன் அங்கேயே விட்டாங்கன்னு தேடிப் பார்ப்போம் வா." குழந்தைக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் சொல்வதைவிட, கேள்வி கேட்கக் கற்றுக் கொடுப்பது பெரிய சொத்து. 'இந்தச் சூரணத்தைக் கொடுத்தா மூணே நாள்ல குழந்தை கொழுகொழுன்னு ஆயிடும்' என்று யாராவது சொல்லும்போதும் இதே பழக்கம் கை கொடுக்கும். யார் பார்த்தது? எங்கே? ஏன் அப்படி?

ஆனால் இரும்பு பிழைத்தால் மட்டும் போதுமா? எனக்கு மனசைத் தொட்டது ஆப்பிரிக்காவின் எரித்ரியா தேசத்துக் கதை.

கடலோர மஸ்ஸாவாவிலிருந்து மலைமேல் இருக்கும் அஸ்மாரா வரை 118 கிலோமீட்டர் ரயில் பாதை. இத்தாலிக்காரர்கள் போட்டது, 1911-ல் அஸ்மாராவை எட்டியது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நம் ஊட்டியைப் போன்ற உயரம்! 1970-களில் யுத்தத்தில் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பதுங்கு குழிகளுக்குக் கூரை போட்டார்கள். 1993-ல் அந்த நாடு சுதந்திரம் பெற்றது. ரயில் வேண்டும், கையில் பணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஓய்வு பெற்ற பழைய ரயில்வே தொழிலாளிகளைக் கூப்பிட்டார்கள். எழுபது வயசு, எண்பது வயசுத் தாத்தாக்கள் வந்தார்கள். குழிகளிலிருந்து தண்டவாளத்தைத் தோண்டி எடுத்தார்கள். 1930-களில் செய்த எஞ்சின்களைப் பிரித்து, துடைத்து, உயிர் கொடுத்தார்கள். பக்கத்தில் இளைஞர்களை நிறுத்திக் கற்றுக் கொடுத்தார்கள். 1994-ல் ஆரம்பித்த வேலை. 2003-ல் அஸ்மாரா வரை பாதை தயார்! எஞ்சினை வேண்டுமானால் எங்கேயாவது வாங்கலாம். அந்தத் தாத்தாக்களின் கையை எங்கே வாங்குவது?

கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீராவி எஞ்சின் ஒரு பொல்லாத அடுப்பு. எங்கள் தெருவில் ரிடையரான ஃபயர்மேன் மாமா ஒருவர் இருந்தார். "கரியைக் கொட்டறதில்லேம்மா, விசிறணும். தோசைமாவு மாதிரி சமமாப் பரவணும். ஒரு பக்கம் குமிஞ்சா நெருப்பு செத்துடும்" என்பார். ஆறிப்போன எஞ்சினை அவசரமாகச் சூடு பண்ணக் கூடாது. பல மணி நேரம் நிதானமாக ஏற்ற வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டை எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தகடு பழுத்து இளகிப் பாய்லர் வெடிக்கும். அதற்காகவே அந்தத் தகட்டில் ஓர் ஈய அடைப்பு வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் சீறி எச்சரிக்கும்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் ஸேஃப்டி வால்வும் அதே தத்துவம்தான்! தண்ணீர் வற்றினாலோ ஆவித்துளை அடைத்துக்கொண்டாலோ அது உருகித் திறந்து நம்மைக் காப்பாற்றுகிறது. அதனால் வெயிட் போடும் துளையைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வால்வு போய்விட்டால் உங்கள் குக்கருக்கென்றே உள்ள வால்வைத்தான் போட வேண்டும். கிடைத்ததை வைத்து அடைக்காதீர்கள்.

நம் ஊர்க் கைகளும் சளைத்தவை அல்ல. 1855-ல் இங்கிலாந்திலிருந்து வந்த 'இ.ஐ.ஆர். 21' என்ற எஞ்சின் நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதை 2010-ல் நம் பெரம்பூர் பணிமனையில் மறுபடி ஓட வைத்தார்கள். திருச்சி பொன்மலையில் நீலகிரி மலை ரயிலுக்காகப் புதிதாகவே நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். லீவில் குழந்தைகளை மேட்டுப்பாளையம் அழைத்துப் போங்கள். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால் பாடப்புத்தகம் தோற்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய எஞ்சின் மேல் குழந்தைகளை ஏற விடாதீர்கள். அந்தக் காலத்தில் பாய்லர் சூடு வெளியே போகாமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுவதுண்டு. பிய்ந்து தொங்கும் அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தகடு கிழித்துக் காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டி, தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். துருவினால் 'டெட்டனஸ்' வருகிறது என்பதும் ஒரு பாதி உண்மைதான். துரு எதுவும் செய்யாது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி ஆழமான காயத்தில் புகுந்துகொள்வதுதான் ஆபத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கல்சட்டி இருக்கும். அதை எப்படிப் பழக்குவது என்று மாமியாருக்குத் தெரியும். ஈயச்சொம்பு இருக்கும், வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், ரசத்துக்குரிய புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்கணும் என்று அம்மாவுக்குத் தெரியும். சாமானை எடுத்து வைக்கிற நாம், அந்தக் கைப்பக்குவத்தையும் கேட்டு வைக்க வேண்டாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். ரயிலில் வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தால் அவரையும் விடாதீர்கள். அதில் ஒரு பக்கம் எனக்கும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.